தண்டவாளத்துக்குக் காவல் உண்டு, லயத்துக்கு?



இயற்கையின் சீற்றத்தை யாரால் தடுக்க முடியும் என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவது நம்மவர் வழக்கம். புயலும் பெருமழையும் மலைச்சரிவும் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது மெய்தான். ஆனால் அவை வரும் இரவில் யார் வீடு ஓடைக்கரையில் இருந்தது, யாருக்கு முன்கூட்டியே செய்தி போயிற்று, யாருக்குப் போகவில்லை, மறுநாள் காலை எந்த வாசலுக்கு அரசாங்கம் முதலில் வந்தது என்பதையெல்லாம் வானம் தீர்மானிப்பதில்லை. மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆகவே மனிதர்களால் அதை மாற்றவும் முடியும். ரயில்பாதைப் பராமரிப்பில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஓர் ஓய்வுபெற்ற பொறியாளன் என்ற முறையில், அது எப்படி முடியும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பாலக்காட்டில் இருந்துகொண்டு இடுக்கி மலையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழரும், நெல்லியாம்பதித் தோட்டங்களில் உழைப்போரும், தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தேயிலையும் ஏலமும் பறித்து வாழ்வோரும் ஒரே மலைத்தொடரின் நிழலில் குடியிருப்பவர்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் நெல்லியாம்பதிச் சாலை அறுந்துபோய், மேலே இருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் தலைச்சுமையாகப் போனதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு மலையில் விழுந்த அடி மற்ற மலைக்கும் பாடம்.

பெட்டிமுடியில் நடந்தது

2020 ஆகஸ்டு 6, வியாழக்கிழமை. மூணாறிலிருந்து இராஜமலை வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால் பெட்டிமுடி. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தின் நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த டிவிஷன் அது. அங்கே ஓடையை ஒட்டி நான்கு லயங்கள், முப்பது வீடுகள். நாள் முழுவதும் மழை. இரவு பத்தே முக்கால் மணி சுமாருக்கு, மேலேயுள்ள வனப்பகுதிச் சரிவு பெயர்ந்து, பாறையும் சேறும் மரங்களுமாக ஓடைப் பாதையிலேயே இறங்கி, அந்த நான்கு லயங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் 66 பேரின் உடல்கள்தாம் கிடைத்தன. நான்கு பேரை மண்ணும் ஆறும் திருப்பித் தரவேயில்லை. உயிரோடு மீண்டவர்கள் பன்னிரண்டு பேர்.

இறந்தோரில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே குடும்பத்தில் பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே லயத்தில், ஒரே இரவில் போனது உண்டு. கயத்தாறில் ஒரே தெருவில் பல வீடுகளில் ஒப்பாரி கேட்டது. கொரோனாக் காலமாதலால், மாநில எல்லையைத் தாண்டி வந்து முகம் பார்ப்பதற்குக்கூடச் சொந்தபந்தங்கள் பாஸ் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கு மேல். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அது 'அதிதீவிர கனமழை'. அதைப்போல் மூன்று மடங்கு ஒரே மலைமுகட்டில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அடியில் பாறை, அதன்மேல் மண். மண்ணுக்குள் இறங்கும் நீர் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் மண்ணை உள்ளிருந்து தூக்குகிறது. பிடிப்பு விட்டதும் மொத்தச் சரிவும் நழுவுகிறது. ரயில்பாதைக்காக மலையை வெட்டிய இடங்களில் தடுப்புச் சுவர் கட்டினால், அதில் வரிசையாகத் துளை விட்டிருப்பதைப் பயணத்தின்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றத்தான் அந்தத் துளைகள். ஒரு சுவரைக் காப்பாற்ற நாம் அத்தனை யோசிக்கிறோம்.

தைரியம் யாருடையது?

அந்த இரவில் பெட்டிமுடியில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. 2018 வெள்ளத்தில் சிதைந்த பெரியவாரை பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாதையும் அந்த மழையில் சேதமடைந்திருந்தது. செய்தி வெளியுலகுக்கு எட்டுவதற்குள் விடிந்துவிட்டது. அதுவரை அரசாங்கம் என்று ஒன்று அங்கே இல்லை. இருந்தவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள்தாம். கும்மிருட்டில், கொட்டும் மழையில், மேலே இன்னும் எது வருமோ என்று தெரியாத நிலையில், கூக்குரல் கேட்ட திசையை நோக்கிப் போய், வெறுங்கையால் சேற்றைத் தோண்டி மனிதர்களை வெளியே இழுத்தவர்கள் அவர்களே. யானை நடமாட்டமுள்ள வழியில் நடந்து போய் இராஜமலையில் செய்தி சொன்னவர்களும் அப்படிப்பட்ட சாமானியர்களே.

விடிந்த பிறகு வனத்துறை, காவல்துறை, தீயணைப்புப் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, மூணாறு இளைஞர்கள், மற்ற எஸ்டேட் தொழிலாளர்கள் எல்லாரும் வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தேடினார்கள். பல கிலோமீட்டர் தள்ளி ஆற்று மணலில் உடல்கள் கிடைத்தன. தன்னோடு விளையாடிய குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் 'குவி' என்ற நாய் காட்டிக் கொடுத்த செய்தியைப் படித்துக் கண்ணீர் விடாதவர் நம்மில் குறைவு. அந்த மழையிலும் சேற்றிலும் உழைத்த அத்தனை பேருக்கும் நாம் கைகூப்ப வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பேரிடரிலும் மக்களின் தைரியத்தைப் புகழ்ந்து தலையங்கம் எழுதி, பொன்னாடை போர்த்தி, அத்தோடு அத்தியாயத்தை முடித்துவிடுகிறோம். ஒருவன் இருட்டில் பத்து மைல் நடந்து செய்தி சொன்னான் என்றால் அது அவன் பெருமை. அவன் நடக்க வேண்டி வந்ததே, அது யாருடைய சிறுமை? சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மனிதன் முதுகைக் கொடுத்து நிற்கிறான் என்றால், முதுகைப் பாராட்டுவதோடு சுவரையும் கட்டியாக வேண்டும்.

நிவாரணமும் அதன் அளவுகோலும்

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. கேரள அரசு இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தது. பிரதமரின் நிதியிலிருந்து 2 லட்சம் அறிவிக்கப்பட்டது. ஆளுநரும் முதலமைச்சரும் ஆகஸ்டு 13 அன்று நேரில் வந்தார்கள். உயிர் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறு குட்டியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது; தோட்ட நிறுவனம் வீடு கட்டித் தந்தது. 2021இல் சாவி கைக்கு வந்தது. நம் நாட்டு நடைமுறையில் இது விரைவு என்றே சொல்ல வேண்டும்.

இருந்தாலும் மனத்தில் ஒரு முள் தைத்தது. பெட்டிமுடி நடந்த மறுநாள், ஆகஸ்டு 7 அன்று, கோழிக்கோடு விமான நிலையத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையை விட்டு விழுந்து நொறுங்கியது. அதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா 10 லட்சம் அறிவித்தது. முதலமைச்சர் அங்கே மறுநாளே சென்றார். பெட்டிமுடிக்கு அறிவித்தது முதற்கட்ட உதவிதான் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. இருக்கட்டும். விமானத்தில் வந்தவர்களும் பிழைப்புக்காகக் கடல் கடந்து போய்த் திரும்பிய நம்மைப் போன்றவர்களே; அவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மாநிலத்தில், இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில், உயிருக்கு இரண்டு விலை எழுதினால் லயத்தில் இருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நம் பாட்டிமார் சொன்னது இன்னும் பழமொழியாகப் போகவில்லையே என்ற வேதனைதான்.

பாலத்துக்கு 46 நாள்

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல, ரயில்வேக்காரர்கள் இன்றும் பேசும் ஒரு புயலுக்குப் போக வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஊரை நெருங்கும்போது கடல் அலை வந்து அப்படியே விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள், ஐந்து ரயில்வே ஊழியர்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் விழுந்தது. பாலத்தைச் சீராக்க ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்றவர் நம் பாலக்காடு மாவட்டத்தில் பிறந்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். கடலடியில் கிடந்த கர்டர்களை மீனவர்களின் துணையோடு தேடியெடுத்து, மீண்டும் தூக்கி நிறுத்தி, 46 நாளில் பாலத்தை முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் அமைத்த அதே ஸ்ரீதரன்தான்.

எங்கள் துறையில் அந்த 46 நாளை ஒரு வேதவாக்குபோல் சொல்லுவோம். பெருமைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் அதே புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு என்ன ஆயிற்று? மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய சென்னை அரசு அறிவித்தது. பாலத்துக்கு நாள் குறித்தார்கள், பொறுப்பாளரை நியமித்தார்கள், முடித்தார்கள். ஊரை இழந்தவர்களுக்கு அப்படிக் கெடு வைத்து வேலை செய்த கதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது அந்தக் காலத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மூணாறுக்கே ஒரு காலத்தில் ரயில் இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டு போகும். அங்கிருந்து கயிற்றுப் பாதையில் போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறக்குவார்கள். 1924ஆம் ஆண்டு வெள்ளம், மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று சொல்வது, அந்த ரயில்பாதையை அடியோடு அழித்தது. பாதை மீண்டும் போடப்படவில்லை. ஆனாலும் தேயிலை நின்றுவிடவில்லை. வேறு வழி கண்டுபிடித்து அது இறங்கிக்கொண்டே இருந்தது. சரக்குக்கு எப்போதும் ஒரு மாற்று வழி கிடைத்துவிடுகிறது. சரக்கைப் பறிப்பவர்களின் லயமோ பல இடங்களில் பாட்டன் காலத்தில் கட்டிய அதே ஓடைக்கரையில்தான் நிற்கிறது.

நேற்றைய வயநாட்டையும் பாருங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைக் கிராமங்கள் மண்ணுக்குள் போயின. இராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு 190 அடி நீள இரும்புப் பாலத்தை ஏறத்தாழ 31 மணி நேரத்தில் போட்டு முடித்தது. கண்டவர்கள் மெய்சிலிர்த்தார்கள். வீடிழந்தவர்களுக்கான நகரியத்துக்கு அடிக்கல் நாட்டியது 2025 மார்ச் 27. பாலத்துக்கு 31 மணி. வீட்டின் அடிக்கல்லுக்கு எட்டு மாதம். நிலம் எடுப்பதில் வழக்கு, மத்திய மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பேச்சு என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். இரும்பை இணைப்பது எளிது, நிலத்தைப் பிரிப்பது கடினம் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் பாலம் கட்டும்போது மட்டும் அந்தக் காரணங்கள் ஏன் தடுக்கவில்லை? பாலத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். கெடு இருந்தது. வீட்டுக்குப் பல அலுவலகங்கள் இருந்தன.

ஒரு கேங்மேனின் அதிகாரம்

நடந்த பிறகு வரும் விரைவைப் பற்றிப் பேசினோம். நடப்பதற்கு முன் வேண்டிய விழிப்பைப் பற்றி இனிச் சொல்கிறேன். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ரயில்வேயில் 'மழைக்கால ரோந்து' என்று ஒரு முறை உண்டு. மழைக்காலம் தொடங்கியதும், ஆபத்தான இடங்கள் என்று பதிவேட்டில் குறித்து வைத்திருக்கும் பகுதிகளில், இரவு முழுவதும் ஆட்கள் தண்டவாளத்தோடு நடப்பார்கள். கையில் விளக்கு, சிவப்புக் கொடி, ஊதல், டெட்டனேட்டர் என்ற எச்சரிக்கை வெடி. மண் சரிந்தோ தண்ணீர் அரித்தோ பாதை கெட்டிருந்தால், அந்த ஆள் வண்டி வரும் திசையில் ஓடி, 600 மீட்டரில் ஒரு வெடியும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடியும் தண்டவாளத்தின்மேல் வைப்பார். சக்கரம் ஏறியதும் வெடிக்கும் சத்தத்தில் டிரைவர் பிரேக் போடுவார். வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கமெல்லாம் இரவு வண்டியில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தனியாக ஆடி ஆடிப் போகும் ஒரு விளக்கை நீங்கள் பார்த்திருந்தால், அதைப் பிடித்திருந்தவர் இவர்தான்.

இந்த ஆளின் பதவி என்ன? ரயில்வேயின் ஏணியில் அடிப்படி. ஆனாலும் ராஜதானி எக்ஸ்பிரஸே வந்தாலும் நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. கோட்ட மேலாளரைக் கேட்க வேண்டியதில்லை. எழுத்துமூலம் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தாலே நிறுத்தலாம். நிறுத்திய பிறகு பாதை சரியாகவே இருந்தது என்று தெரிந்தாலும், வீணாக நிறுத்திவிட்டாயே என்று தண்டிப்பதில்லை. பத்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான் நஷ்டம். நான் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்த காலத்தில், புதிதாக ரோந்துக்கு வரும் பையன்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "தம்பி, சந்தேகம் வந்தால் நிறுத்து. அப்புறம் பேசிக்கலாம்."

இந்த விழிப்பும் சும்மா வந்ததன்று. உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. கொங்கண் ரயில்வேயில் 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே பாதையில் சரிந்து கிடந்த பாறையில் வண்டி மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஜூனில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதேபோல் பாறையில் மோதியது. அதற்குப் பிறகுதான் சரிவுகளுக்கு வலை போட்டார்கள், தானே பதியும் மழைமானிகள் வைத்தார்கள், மழைக்கால ரோந்தைப் பலப்படுத்தினார்கள், வேகத்தைக் குறைத்தார்கள். மும்பையிலிருந்து ஊருக்கு வரும் நம் பிள்ளைகள் ஜூன் முதல் அக்டோபர் வரை வண்டி நேரம் மாறுகிறதே என்று அலுத்துக்கொள்வதுண்டு. அந்த 'மழைக்கால அட்டவணை' உயிர் காக்கும் அட்டவணை. பாம்பன் பழைய பாலத்தில் வண்டிகள் ஓடிய காலத்திலும், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும். வண்டி கரையிலேயே நிற்கும்.

ஓர் இரும்புத் துண்டுக்கு இத்தனை காவல் இருக்கிறது. அதே மலையில், அதே மழையில், முப்பது வீட்டில் மனிதர்கள் தூங்குகிறார்களே, அவர்களுக்கு இரவில் விளக்கோடு நடப்பவர் யார்? 'எழுந்திருங்கள், வெளியே வாருங்கள்' என்று சொல்ல அதிகாரம் பெற்றவர் யார்?

மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் அறிவிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இடுக்கி நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாவட்டம். ஒரு முகட்டில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் தூறலாக இருக்கும். மொத்த மாவட்டத்துக்கும் ஒரே நிறம் பூசினால், எந்த லயத்துக்காரர் எந்த நேரத்தில் பாயைச் சுருட்டுவது?

தேயிலைத் தோட்டங்களில் மழை அளப்பது நூறாண்டுப் பழக்கம். ஆனால் அது பயிருக்காக; காலையில் ஒரு முறை அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். இரவு இரண்டு மணிக்கு மழைமானி எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது பயிருக்குத் தேவையில்லை. உயிருக்குத் தேவை.

அளந்தால் மட்டும் போதாது என்பதையும் வயநாடு காட்டிவிட்டது. கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் என்ற ஆய்வு நிறுவனம் அந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 200 இடங்களில் மழையை அளக்கிறது. 2024 ஜூலை 29 அன்றே, முண்டக்கைப் பகுதியில் ஆபத்து என்று மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக அம்மையத்தார் பின்னர் கூறினர். கணக்கு இருந்தது; எச்சரிக்கை இருந்தது. கேங்மேனின் கையிலிருக்கும் சிவப்பு விளக்கு மட்டும் ஊருக்குள் யார் கையிலும் இல்லை.

செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எங்கள் தொழில் மரபன்று. ஆகவே என் யோசனைகளையும் முன்வைக்கிறேன்.

முதலாவதாக, ஆபத்தான தண்டவாளப் பகுதிகளுக்குப் பதிவேடு இருப்பதுபோல், சரிவுக்குக் கீழும் ஓடைக்கரையிலும் உள்ள லயங்களுக்கும் காலனிகளுக்கும் தாலுகாவாரியாகப் பதிவேடு வேண்டும். அதை அலுவலகப் பீரோவில் பூட்டி வைக்காமல், அந்தந்த லயத்தின் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். லயங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகள் கூரையையும் கழிப்பறையையும் பார்ப்பதுபோல், வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவையும் பார்க்க வேண்டும். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அது இப்போது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். இரவில் தூங்குபவரின் தலைக்குமேல் இருக்கும் மலை மாறவில்லை.

இரண்டாவதாக, ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி. அதை மழைநாளில் மூன்று மணிக்கு ஒருமுறை பார்க்க, தொழிலாளரிலிருந்தே சம்பளத்தோடு இரண்டு பேர். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். எந்த அளவைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதைப் புவியியல் அறிந்தோர் அந்தந்த மலைக்குத் தக்கபடி முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கட்டும்.

மூன்றாவதாக, அந்த அளவைத் தாண்டினால் மணியடித்து எல்லாரையும் எழுப்பி வெளியேற்ற அவர்களுக்கு அதிகாரம். கலெக்டரையோ எஸ்டேட் மேனேஜரையோ கேட்க வேண்டியதில்லை. எதுவும் நடக்காமல் போனாலும் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. மறுநாள் வேலைக்கு வராதவர்களின் கூலியை வெட்டவும் கூடாது. 'மூன்று முறை எழுப்பினார்கள், ஒன்றும் நடக்கவில்லை' என்று சனங்கள் சலித்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். போய்த் தங்கும் இடத்தில் உலர்ந்த பாயும் சூடான கஞ்சியும் இருந்தால் நான்காவது முறையும் வருவார்கள். மழையில் நனைந்துகொண்டு பூட்டிய பள்ளிக்கூட வாசலில் நிற்க வைத்தால் யார் வருவார்?

நான்காவதாக, செய்தித் தொடர்பு. மின்சாரமும் செல்போனும் போன பிறகும் பேசக்கூடிய வயர்லெஸ் கருவி ஒவ்வொரு டிவிஷனிலும் வேண்டும். ரயில்வேயும் காவல்துறையும் வனத்துறையும் காலங்காலமாக வைத்திருப்பதுதானே? எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும். கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. மனு எழுதத் தமிழ் உண்டென்றால் உயிர் பிழைக்கவும் தமிழ் வேண்டும்.

ஐந்தாவதாக, எல்லாவற்றுக்கும் வேரான பிரச்சினை: சொந்த மண். வேலையில் இருக்கும்வரைதான் லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால் பல குடும்பங்கள் மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் தொடர்ந்தால்தான் கூரை என்ற நிலையில் இருக்கின்றன. ஆபத்தான இடம் என்று தெரிந்தாலும் எங்கே போவது? பெட்டிமுடியில் உயிர் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் கிடைத்த நிலம், உயிர் போவதற்கு முன்பே எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைத்திருக்கக் கூடாதா? எழுபது பேர் இறந்தால்தான் சில சென்ட் நிலம் என்பது ஒரு சமுதாயத்துக்கு அழகில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். மழைமானியும் மணியும் வயர்லெஸ்ஸும் சேர்த்து, ஒரு மந்திரி வருகைக்குப் பந்தல் போடும் செலவுகூட ஆகாது. வீட்டுக்குத்தான் பணம் வேண்டும். அதற்கு ஒரே இரவில் வழி பிறக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடு வைக்கலாமே! பாம்பனுக்கு வைத்ததுபோல் ஒரு தேதி, ஒரு பொறுப்பாளர். தேதி வைத்த வேலைதான் நடக்கும் என்பது என் அனுபவம்.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல், நம் சங்கமும் மற்றத் தமிழ்ச் சங்கங்களும் சேர்ந்து தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கு போதும். நெல்லியாம்பதியிலோ தேவிகுளத்திலோ ஒரே ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். தோட்ட நிர்வாகம், பஞ்சாயத்து இருவரின் சம்மதத்தோடு அங்கே ஒரு மழைமானி வைத்து, இரண்டு பிள்ளைகளுக்கு அதைப் படிக்கச் சொல்லிக் கொடுப்போம். தமிழில் ஒரு பலகை எழுதி மாட்டுவோம். எங்கே கூடுவது, எந்த வழியாகப் போவது என்று ஒருமுறை பகலில் எல்லாரும் நடந்து பார்ப்போம். நம் சங்கத்தில் என்னைப்போல் ஓய்வு பெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள், தபால் துறையினர், மின்வாரியத்தினர் எத்தனை பேர் இருக்கிறோம்! முழங்கால் வலித்தாலும் மலையேற ஜீப் இருக்கிறது. ஒரு மழைக்காலம் அது சரியாக நடந்தால், அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போகலாம். வெறுங்கையோடு போகும் மனுவுக்கும் கணக்கோடு போகும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் அரசு உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கயத்தாறிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறிப் போனவர்கள் நாம் காலையில் குடிக்கும் தேநீருக்காக உழைத்தவர்கள். இராஜமலையில் வரிசையாக இருக்கும் அந்தச் சமாதிகளுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். அதோடு அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு லயத்திலாவது விளக்கோடு ஒருவர் இரவில் விழித்திருக்க ஏற்பாடு செய்வோம். விருப்பமுள்ள அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயர் என்னுடையது.